நுண் அதிர்வியை ஒளியால் அளப்பது: ரியூப்பின் மேல் கிடக்கும் தட்டிலிருந்து மில்லிக்கெல்வின் வரை

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து நானூறு மீற்றர் உள்ளே இருக்கும் என் வீட்டின் பின்னறையில், உழவு இயந்திரத்தின் முன்சில்லு ரியூப் ஒன்றின் மேல், அறுபதுக்கு அறுபது சென்ரிமீற்றர் அளவான கொங்கிறீற்றுத் தட்டொன்று கிடக்கிறது. அதன் மேல் ஒரு சிவப்பு லேசர், ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் ஒரு கற்றைப் பிரிப்பான், பழுதான வன்தட்டிலிருந்து கழற்றிய பளபளப்பான வட்டத்தகடு, இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு இடையில் இறுக்கிய சவர பிளேட், ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஓர் ஒளி இருவாயி ஆகியவை இருக்கின்றன. பிளேட்டின் நுனி ஒரு நனோமீற்றர் அசைந்தால் அது கணினித் திரையில் தெரியும். தனிப்பூச்சியத்துக்கு மிக அண்மையான வெப்பநிலைகளில் நுண் அதிர்விகளை ஆராயும் ஆய்வுகூடங்களில் பயன்படும் ஒளியியற் கருவியும் அடிப்படையில், ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்து, அது கூடிக் குறைவதிலிருந்து அசைவை அறியும் இந்தத் தலையீட்டுமானிதான்.

அறிவியல்நகரிலும் பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் படிக்கும் மாணவர்கள், இந்தத் துறைக்குப் போக இங்கிருந்து எப்படித் தயாராவது என்று அவ்வப்போது என்னிடம் கேட்பார்கள். குளிரூட்டும் பொறி இல்லாமல் எதையும் தொடங்க முடியாது என்பது அவர்களுடைய எண்ணம். நான் சில ஆண்டுகள் ஐரோப்பிய ஆய்வுகூடம் ஒன்றில் அத்தகைய பொறியோடு வேலை செய்தவன். அந்தப் பொறியை இயக்கப் பழக ஒரு மாதம் போதும். திரையில் வரும் எண்ணில் அதிர்வியின் பங்கு எவ்வளவு, ஒளி தானே உண்டாக்கிய பங்கு எவ்வளவு என்று பிரித்தறியப் பழகுவதற்குத்தான் நெடுநாள் எடுக்கும், அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதியை அறை வெப்பநிலையிலேயே பெற்றுக்கொள்ளலாம்.

முதலில் சில எண்கள்

நுண் அதிர்வி என்று இங்கே சொல்வது, ஒரு முனையில் பிடிக்கப்பட்ட மெல்லிய சிலிக்கன் நாக்காகவோ, பறையின் தோல்போல நாற்புறமும் இழுத்துப் பிடிக்கப்பட்ட சிலிக்கன் நைத்திரைட்டுச் சவ்வாகவோ இருக்கலாம். சவ்வென்றால் பக்கம் 1 மில்லிமீற்றர், தடிப்பு 50 நனோமீற்றர் என்ற அளவு வழக்கமானது. எந்த அதிர்வியும் வெப்பத்தால் தானாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வின் சராசரி அளவை அறிய, போல்ற்சுமன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, அதிர்வியின் விறைப்பைக் காட்டும் வில் மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வில் மாறிலி மீற்றருக்கு 1 நியூற்றனாக இருந்தால், 300 கெல்வினில் விடை ஏறக்குறைய 64 பிக்கோமீற்றர். 10 மில்லிக்கெல்வினில் 0.37 பிக்கோமீற்றர். ஓர் ஐதரசன் அணுவின் விட்டம் ஏறக்குறைய 100 பிக்கோமீற்றர் என்பதை நினைவில் வைத்தால், கருவியிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பது புரியும்.

இரண்டாவது கணக்கு, அதிர்வியில் எத்தனை சத்திச் சொட்டுகள், அதாவது போனன்கள், இருக்கின்றன என்பது. மீடிறன் 1 மெகாஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்குப் பத்து இலட்சம் அதிர்வு, என்றால் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 60 இலட்சம். 10 மில்லிக்கெல்வினில் ஏறக்குறைய 200. ஆகவே மெகாஹேர்ட்ஸ் அளவில் அதிரும் ஒன்றைப் பொறிக்குள் வைத்துக் குளிரூட்டுவதால் மட்டும் அதன் அடிநிலையை, அதாவது போனன் அநேகமாக ஒன்றுமே மிஞ்சாத நிலையை, அடைய முடியாது. 2010இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராப் பல்கலைக்கழகக் குழுவினர் அதை அடைந்ததற்குக் காரணம், அவர்களின் அதிர்வி 6 கிகாஹேர்ட்ஸில் அதிர்ந்ததே. அதற்கு 25 மில்லிக்கெல்வின் போதுமாக இருந்தது. மறு ஆண்டில் கொலராடோவின் போல்டர் நகரில் ஏறக்குறைய 10 மெகாஹேர்ட்ஸ் அலுமினியப் பறையொன்றை நுண்ணலையாலும், கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவனமான கல்ரெக்கில் 3.7 கிகாஹேர்ட்ஸ் சிலிக்கன் சட்டமொன்றை லேசராலும் ஒரு போனனுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். கல்ரெக் அதிர்வி தொடங்கிய வெப்பநிலை 20 கெல்வின். மீதிக் குளிர்ச்சியைச் செய்தது ஒளியே. அளக்கும் ஒளிக்கு, அளக்கப்படும் பொருளைக் குளிரவைக்கவும் சூடாக்கவும் வலிமை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மேசை

சிறிய அசைவை அளப்பவருக்கு முதல் எதிரி நிலம். வீதியில் கிரவல் ஏற்றிய டிப்பர் போனால் என் அறையின் சீமெந்துத் தரை பல மைக்ரோமீற்றர் ஆடும். மேசைக்கு நான் பயன்படுத்துவது, தடிப்பு ஏழரைச் சென்ரிமீற்றரும் நிறை ஏறக்குறைய 65 கிலோகிராமும் உள்ள, வீட்டிலேயே வார்த்த தட்டு. வார்க்கும்போது கம்பி வலை போட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது வெடிக்கும். ரியூப்பை ரயர் கடையில் வாங்கலாம். ஒட்டுப் போட்டது போதும், காற்று இறங்காதா என்பதை மட்டும் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றை இறுக அடிப்பது எல்லோரும் செய்யும் பிழை. தட்டை வைத்ததும் ரியூப் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தாழ வேண்டும். கையால் மெல்ல அமுக்கி விட்டால் தட்டு செக்கனுக்கு மூன்று தடவை அளவில் மேலும் கீழும் ஆட வேண்டும். அந்த மூன்று ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள நிலத்தின் ஆட்டம், மீடிறனின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டு போகும். எனவே நாம் அளக்கும் 200 ஹேர்ட்ஸ் அளவில் தரையின் பங்கு மிகச் சிறிதாகிவிடும்.

காற்று இரண்டாவது எதிரி. மின்விசிறியை நிறுத்த வேண்டும், யன்னலை மூட வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் இதைச் செய்தால் அரைமணி நேரத்தில் உடல் முழுவதும் வியர்த்துவிடும். அந்த வியர்வை ஆடியில் விழாதபடி தலையில் துணி கட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தட்டின் மேல் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடினால் சூடான காற்றின் ஓட்டம் நின்றுவிடும். அளப்பதற்கு நல்ல நேரம் இரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை. விடியத் தொடங்கினால் பின்வளவு மரத்தில் இருக்கும் மயில் அகவும்; ஒவ்வோர் அகவலும் திரையில் அழகான ஒரு முகடாகத் தெரியும். மாரியில் தவளைகளுக்கு நேரக் கணக்கே இல்லை. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட, முதலில் காதை நம்பலாம்.

லேசரும் கற்றைப் பிரிப்பானும்

அலைநீளம் 650 நனோமீற்றர் உள்ள, 5 மில்லிவாற்றுக்கு உட்பட்ட சிவப்பு லேசர் போதும். சந்தையில் கிடைக்கும் மலிவான லேசர்களில் ஒட்டிய தாளில் உள்ள எண்ணை நம்பக்கூடாது. பச்சை லேசர்கள் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரையும் கசியவிடலாம் என்பதால் அவற்றை நான் மாணவர்களிடம் கொடுப்பதில்லை. கற்றை போகும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. நாற்காலியில் இருந்தால் கற்றை நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். லேசரை மின்சாரத்திலிருந்து ஓட்டாமல் மின்கலத்திலிருந்து ஓட்டினால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வராது, நடு இரவில் மின்தடை வந்தாலும் அளவீடு கெடாது. மோட்டார் சைக்கிள் மின்கலமும் ஐந்து வோல்ற்று ஒழுங்காக்கி ஒன்றும் இருந்தால் ஒரு கிழமைக்குப் போதும். போட்டதும் அளக்கத் தொடங்காமல் அரைமணி நேரம் சூடேற விட வேண்டும். அதற்கு முன் அலைநீளம் திடீர் திடீரெனத் தாவும்.

கற்றைப் பிரிப்பானைப் பழுதான டிவிடி இயந்திரங்களின் உள்ளே தேடலாம். அதில் ஏமாறவும் இடமுண்டு. சில இயந்திரங்களில் இருப்பது சாதாரண அரைவெள்ளி ஆடி. வேறு சிலவற்றில் இருப்பது முனைவாக்கத்தை, அதாவது ஒளியலை அதிரும் திசையை, பார்த்துப் பிரிக்கும் கண்ணாடிக் கனவுரு. இரண்டாவதைப் போட்டால், பிரிந்து போகும் இரண்டு ஒளிப்பாதைகளிலிருந்தும், அதாவது கைகளிலிருந்தும், திரும்பும் ஒளி லேசருக்கே போகும், அளக்கும் பக்கத்தில் இருட்டு மட்டுமே கிடைக்கும். எங்கே தவறு என்று தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதையும் அப்படித்தான் இழந்தேன். சோதிப்பது எளிது: கனவுருவின் ஊடாக லேசரை அனுப்பி, லேசரைத் தன் அச்சில் மெல்லச் சுழற்ற வேண்டும், ஊடே போகும் புள்ளி ஒரு நிலையில் அநேகமாக அணைந்தே போனால், அந்தக் கனவுரு இந்த வேலைக்கு உதவாது.

கற்றைப் பிரிப்பானிலிருந்து ஒரு கை, ஆடியாகப் பயன்படும் வன்தட்டின் தகட்டுக்கும் மறு கை பிளேட்டுக்கும் போகும். இரண்டு கைகளின் நீளமும் ஒரு மில்லிமீற்றருக்குள் சமமாக இருப்பது நல்லது. மலிவான இருவாயி லேசரின் ஒளியியைபு, அதாவது அலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் தன்மை, நீண்ட தூரத்துக்கு நிலைப்பதில்லை. இரண்டு கைகளிலிருந்தும் திரும்பிவரும் புள்ளிகளை, எதிர்ச் சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்ய வேண்டும். புள்ளிகள் பொருந்தியதும் ஒரு சிறு வில்லையால் அவற்றை விரித்தால், தாளில் சிவப்பும் கறுப்புமாகத் தலையீட்டு வரிகள் தோன்றும். தோன்றாவிட்டால் புள்ளிகள் இன்னும் பொருந்தவில்லை என்பதே காரணம். வேறெதையும் குறை சொல்ல வேண்டியதில்லை. வரிகள் நெருக்கமாக இருந்தால், ஆடியின் திருகை ஒரு திசையில் முடியளவு திருப்பிப் பார்த்து, வரிகள் அகலும் திசையில் தொடர வேண்டும். கடைசியில் ஒரே வரி தாள் முழுவதையும் மூடும். தட்டுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டாலும் அது சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போய் வரும். அப்போது வில்லையை எடுத்துவிட்டு, அந்த ஒளியை ஒளி இருவாயியின் மேல் விழவிட வேண்டும்.

பிளேட்டை எப்படி இறுக்குவது என்பதில் அவசரம் கூடாது. பிளேட்டின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் 2 சென்ரிமீற்றராக இருந்தால், உருக்கின் இயல்புகளிலிருந்து கணித்த மீடிறன் ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸ். அது 50இன் மடங்கு என்பதால் மின்சார இரைச்சலின் மேலேயே போய் உட்காரும். ஒரு மில்லிமீற்றர் குறைத்து 225க்குக் கொண்டுபோனால் நிம்மதி. இறுக்கும் இரும்புத் துண்டுகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் அதிர்வின் சத்தி அங்கேயே ஒழுகிப்போகும், ஆகவே விளிம்பை அரத்தால் நேராக்கிக்கொள்ள வேண்டும்.

ஒளி இருவாயியும் வரியே அளவுகோலாவதும்

பிபிடபிள்யூ34 என்ற இருவாயி மலிவானது, நல்லது. அதன் ஓட்டத்தை, 100 கிலோஓம் தடையியை மீளூட்டலாகக் கொண்ட செயற்பாட்டு விரியலாக்கி ஒன்று வோல்ற்றளவாக மாற்றும். இருவாயியில் 100 மைக்ரோவாற்று விழுந்தால் ஏறக்குறைய 4 வோல்ற்று கிடைக்கும் என்பதால், இரண்டு 9 வோல்ற்று மின்கலங்கள் போதும். வெளியீட்டை ஒரு பல்மானிக்கும், ஒரு தடையிச் சோடியால் குறைத்துக் கணினியின் ஒலி உள்ளீட்டுக்கும் கொடுக்க வேண்டும். இரண்டும் தேவை; ஒலி உள்ளீடு நிலையான வோல்ற்றளவைக் காட்டாது, பல்மானி விரைவான அசைவைக் காட்டாது.

இனி அளவுகோல். தட்டின் ஒரு மூலையில் விரலை வைத்து மிக மெல்ல அமுக்கினால் பல்மானியின் எண் ஏறி இறங்கும். அதன் உச்சத்தையும் தாழ்வையும் குறித்துக்கொள்ள வேண்டும். உச்சத்திலிருந்து அடுத்த உச்சம்வரை போக ஆடி அரை அலைநீளம், அதாவது 325 நனோமீற்றர், நகர்ந்திருக்கிறது. இதற்கு வேறு சான்றிதழோ தரப்படுத்திய கருவியோ வேண்டியதில்லை. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே உள்ள புள்ளியில் கருவி மிகக் கூர்மையாக இருக்கும். அந்தப் புள்ளியில் ஒரு நனோமீற்றருக்கு எத்தனை வோல்ற்று என்று அறிய, உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தை 6.28ஆல் பெருக்கி அலைநீளத்தால் வகுக்க வேண்டும். வித்தியாசம் 2 வோல்ற்று என்றால் விடை நனோமீற்றருக்கு 19 மில்லிவோல்ற்று. உச்சியிலோ தாழ்விலோ நின்று அளந்தால் அசைவு அநேகமாகத் தெரியாது. அளவீட்டின் இடையே பல்மானி நடுப்புள்ளியிலிருந்து விலகினால், ஆடியைத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இப்போது பிளேட்டின் அடியில் ஒரு ஈர்க்கால் மெல்லத் தட்டி, மேலே பெட்டியை மூடி, ஒலிப்பதிவைத் தொடங்கலாம். முதலில் அதிர்வு பல வரிகளைக் கடந்து போவதால் பதிவு குழம்பிக் கிடக்கும். வீச்சம் 80 நனோமீற்றர் அளவுக்குக் கீழே வந்ததும் குழப்பம் தெளிந்து, சீராக இறங்கும் அலை தோன்றும். அந்த அலையின் வீச்சம் தன்னில் 0.37 மடங்காகக் குறைய எடுக்கும் நேரத்தை மீடிறனாலும் 3.14ஆலும் பெருக்கினால், அதிர்வு எவ்வளவு மெல்லத் தணிகிறது என்பதைக் காட்டும் தரக்காரணி கிடைக்கும். 225 ஹேர்ட்ஸில் 0.4 செக்கன் என்றால் தரக்காரணி ஏறக்குறைய 280. இந்தத் தணிப்பில் காற்றுக்கும் பங்குண்டு. வெற்றிடத்தில் வைக்கப்பட்ட சிலிக்கன் நைத்திரைட்டுச் சவ்வுகளில் அதே எண் பல இலட்சங்களைத் தாண்டும், ஆனால் அளக்கும் முறை மாறுவதில்லை.

குளிருக்குள் கொண்டுபோகும்போது

மில்லிக்கெல்வின் பொறி என்பது ஈலியம்-3, ஈலியம்-4 ஆகிய இரண்டின் கலவையை ஓடவிட்டுக் குளிரைப் பெறும் கருவி. 4 கெல்வினில் ஒரு தட்டு, அதற்குக் கீழே இன்னும் குளிரான தட்டுகள், கடைசியில் 10, 20 மில்லிக்கெல்வினில் கலப்பறை என்று அடுக்கடுக்காக அது தொங்கும். அடியிலுள்ள தட்டுக்கு ஒளியைக் கொண்டுபோக இரண்டு வழிகள். ஒவ்வோர் அடுக்கின் கவசத்திலும் கண்ணாடி யன்னல் வைத்துக் கற்றையை நேரே அனுப்பலாம். அப்படிச் செய்தால் அறையின் வெப்பக் கதிரும் கூடவே உள்ளே வரும், அதை மறிக்கும் பூச்சுகளை ஒவ்வொரு யன்னலுக்கும் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற வழி ஒளியியல் நார். மயிரளவு கண்ணாடி கடத்தும் வெப்பம் மிகச் சொற்பம் என்பதால் தொடங்குபவருக்கு நாரையே பரிந்துரைப்பேன். நேராக வெட்டிய நாரின் முனை தானே ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் தெறிக்கும்; அந்தத் தெறிப்பு ஒரு கை, எதிரே உள்ள அதிர்வியிலிருந்து வரும் தெறிப்பு மறு கை. ஐபிஎம் ஆய்வாளர்களான ருகார், மாமின், குத்னர் ஆகியோர் 1989இல் செம்மைப்படுத்திய அமைப்பு இது. நம் தட்டின் மேல் இருக்கும் இரண்டு ஆடிகளும் கற்றைப் பிரிப்பானும் ஒரு நாரின் நுனிக்குள் அடங்கிவிட்டதாக இதை நினைக்கலாம்.

நாரின் நுனிக்கும் அதிர்விக்கும் இடையே சில பத்து மைக்ரோமீற்றர் இடைவெளிதான் இருக்கும், சிக்கலும் அங்கேதான். நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில், நாரைத் தாங்கிய நான்கு சென்ரிமீற்றர்த் தூண் தைத்தேனியம், அதிர்வி அமைந்த சிலிக்கன் துண்டைத் தாங்கிய தூண் செம்பு. அறை வெப்பநிலையிலிருந்து 4 கெல்வினுக்குப் போகும்போது செம்பு ஏறக்குறைய 0.32 சதவீதமும் தைத்தேனியம் 0.15 சதவீதமும் சுருங்கும். நான்கு சென்ரிமீற்றரில் அந்த வேறுபாடு ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர். நாங்கள் விட்ட இடைவெளியோ 50. மூன்று நாள் குளிரவிட்டு, திரையைப் பார்த்தபோது வரிகள் இல்லை. இரண்டு நாள் சூடேற்றித் திறந்தபோது, நாரின் முனையில் சிலிக்கன் நாக்கு ஒடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. எங்களில் ஒருவரும் போடவில்லை. இரு தூண்களையும் ஒரே உலோகத்தில் செய்வது, அல்லது நாரை முதலில் பின்னுக்கு இழுத்து வைத்துக் குளிர்ந்த பிறகு, வோல்ற்றளவு கொடுத்தால் நுண்ணளவில் நகரும் அழுத்தமின் நகர்த்தியால் முன்னே கொண்டுவருவது, இரண்டில் ஒன்று கட்டாயம்.

செம்பின் சுருக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் 77 கெல்வினுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பது நமக்கு வாய்ப்பு. அந்த வெப்பநிலை திரவ நைதரசனின் கொதிநிலை. வன்னியில் மாடுகளுக்குச் செயற்கை முறையில் சினையேற்ற வரும் கால்நடை உத்தியோகத்தர்கள் தூக்கிவரும் கொள்கலத்தில் இருப்பது அதுவேதான். நாரையும் தாங்கியையும் ஒரு மூடிய குழாய்க்குள் வைத்து நைதரசனில் இறக்கி, வரிகள் எந்தப் பக்கம் எத்தனை ஓடுகின்றன என்று எண்ணினால், இடைவெளி எவ்வளவு மாறியது என்பது அரை அலைநீளக் கணக்கில் தெரிந்துவிடும். கதவையும் யன்னலையும் திறந்து வைத்தே செய்ய வேண்டும். ஒரு லீற்றர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லீற்றர் வாயுவாகி, அறையின் ஒட்சிசனை வெளியே தள்ளும்.

ஒளி எவ்வளவு விடுவது

இந்த வேலை முழுவதிலும் அதிக நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இது. 20 மில்லிக்கெல்வினில் பல பொறிகள் அகற்றக்கூடிய வெப்ப வலு பத்து, இருபது மைக்ரோவாற்று அளவே. நம் தட்டின் மேல் இருக்கும் சிவப்பு லேசரை முழுதாக அங்கே விழவிட்டால், அதன் 5 மில்லிவாற்றை அந்தப் பொறியால் ஒருபோதும் சமாளிக்க முடியாது. தட்டு குளிராக இருந்தாலும் அதிர்வி குளிராக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மெல்லிய சவ்வு உறிஞ்சிய சொற்ப வெப்பமும் அதன் ஒடுங்கிய பிடிகள் வழியேதான் வெளியேற வேண்டும், அந்த வெப்பநிலையில் அப்பிடிகள் வெப்பத்தை மிக மோசமாகவே கடத்தும். வெப்பத்தைத் தவிரத் தள்ளலும் உண்டு. 1 மில்லிவாற்று ஒளி முழுவதும் தெறித்தால் 6.7 பிக்கோநியூற்றன் விசை கிடைக்கும். வில் மாறிலி மீற்றருக்கு 0.1 நியூற்றனான நாக்கை அது 67 பிக்கோமீற்றர் வளைக்கும்.

அப்படியானால் ஒளியைக் குறைக்க வேண்டியதுதானே என்றால், குறைத்தால் வேறு விலை இருக்கிறது. ஒளி போட்டன்களாக வருவதால், ஓட்டத்தில் தவிர்க்க முடியாத ஓர் இரைச்சல் உண்டு. வலுவை நூறில் ஒன்றாக்கினால் அளவீட்டின் இரைச்சல் பத்து மடங்காகும். ஆகவே போட்டன்களை மிச்சம் பிடித்து வேலை வாங்குவதே திறமை. எதிரெதிரே வைத்த இரண்டு நல்ல ஆடிகளுக்கு இடையில் ஒளியை ஆயிரக்கணக்கான தடவை போய்வரச் செய்தால், ஒரே போட்டன் அதிர்வியை அத்தனை தடவை தொட்டுச் செய்தி கொண்டுவரும். 2008இல் யேல் பல்கலைக்கழகத்தினர் அந்த இரண்டு ஆடிகளுக்கு நடுவே சவ்வைத் தொங்கவிட்டு அளந்தார்கள். ஆனால் இரண்டு ஆடிகளுக்கும் இடையிலான குழிக்குள் சேரும் ஒளியின் வலுவும் அதே அளவு பெருகும் என்பதால், உள்ளே விடும் வலுவை மட்டும் பார்த்து மனநிறைவு அடையக் கூடாது.

சோதிப்பதற்குரிய முறை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். பொறியின் வெப்பமானி 1 கெல்வினைக் காட்டும்போது, மீடிறன் வரைபில் வெப்ப அதிர்வு தரும் முகட்டின் பரப்பை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பின்பு 500, 200, 100, 50, 20 மில்லிக்கெல்வின் என்று இறங்கி, ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது அரைமணி நேரம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். பரப்பையும் வெப்பநிலையையும் வரைபுத்தாளில் குறித்தால் புள்ளிகள் பூச்சியத்தை நோக்கி ஒரு நேர்கோட்டில் இறங்க வேண்டும். அநேகமாக ஓரிடத்தில் அவை இறங்க மறுத்துக் கிடையாக ஓடத் தொடங்கும். அந்த இடத்தில் நின்று லேசரின் வலுவைப் பாதியாக்க வேண்டும். கிடைக்கோடு தாழ்ந்தால், குற்றவாளி ஒளி. வலுவை மீண்டும் மீண்டும் பாதியாக்கிப் பெற்ற எண்களைப் பூச்சிய வலுவுக்கு நீட்டிப் பார்த்தால் ஒளி இல்லாத அதிர்வியின் வெப்பநிலை கிடைக்கும். தாழாவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் பொறியே. முதல் அடுக்கைக் குளிரூட்டும் துடிப்புக்குழாய் செக்கனுக்கு ஒன்றரைத் தடவை அளவில் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் அதை நிறுத்தி அளந்து பார்த்தால், என் பின்னறையில் டிப்பர் கடந்து போனதும் வரியின் ஆட்டம் நின்றுவிடுவதைப் போல, முகடு சுருங்கும்.

வரைபு அழகாக நேர்கோட்டில் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வலுவை மாற்றிப் பார்க்காமல் அறிக்கை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அளக்கும் உணரியின் செய்தியையே திருப்பி ஊட்டி அதிர்வியை அடக்கும் அமைப்பில் இது இன்னும் ஆபத்தானது. உணரியின் இரைச்சலும் அதிர்வியின் அசைவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால், திரையில் முகடு உண்மையைவிடத் தாழ்ந்து தெரியும். அத்தகைய அமைப்பில், திருப்பி ஊட்டும் வளையத்துக்கு வெளியே இரண்டாவது உணரி ஒன்று இருந்தாக வேண்டும்.

சூடேற்றும்போது லேசரை முதலில் அணைத்து, நாரை முழுதாகப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். வெப்பமானி 290 கெல்வினைக் காட்டினாலும் உள்ளே ஆழத்தில் உள்ள செம்புத் துண்டுகள் குளிராகவே இருக்கும். உடனே வெளிக் காற்றை விட்டால் ஈரம் ஆடிகளில் படியும். உலர்ந்த நைதரசனை நிரப்பி ஓர் இரவு விட்டு, அடுத்த நாள் காலையில் திறப்பது நல்லது. இங்கே மாரி மாதங்களில் என் வில்லைகளை நான் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டின்னுக்குள்தான் வைக்கிறேன். ஒரு கிழமை வெளியே மறந்து வைத்த கற்றைப் பிரிப்பானில், சிலந்திவலைபோலப் பூஞ்சணம் படர்ந்து, இன்றுவரை போகவில்லை.